65 முடிந்ததும் ஆறு மாதம்: மெடிகேப் எடுப்பதா, அட்வான்டேஜில் சேர்வதா?

நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் வீட்டுத் தபால் பெட்டி 2025 ஏப்ரலிலிருந்தே நிரம்பி வழிய ஆரம்பித்தது. அக்டோபரில் எனக்கு 65 முடிகிறது என்பது என் மகனுக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் 65 முடிந்தவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவ இன்சூரன்ஸ் உண்டு. அதில் இருக்கும் ஓட்டையை அடைக்கத் தனியார் கம்பெனிகள் விற்பவைதான் மெடிகேப்பும் அட்வான்டேஜும். பல் தெரியச் சிரிக்கும் ஒரு தாத்தா பாட்டி படம், அதன் கீழே ஏதோ ஒரு அட்வான்டேஜ் திட்டத்தின் பெயர், கொட்டை எழுத்தில் "0 டாலர்". என் மனைவி எல்லாவற்றையும் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைத்தாள். ஜூலையில் அந்தப் பெட்டியை மூட முடியவில்லை.

"மாசம் ஒரு பைசா வேண்டாமாம். பல்லுக்கும் கண்ணாடிக்கும் சேர்த்துத் தர்றானாம். இதை விட்டுட்டு நீங்க எதுக்கு மெடிகேப்புக்கு மாசாமாசம் பணம் கட்டணும்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் படித்தது, விசாரித்தது, குழம்பித் தெளிந்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. இங்கே வரும் தொகைகள், வேறு வருடம் குறிப்பிட்டிருந்தால் தவிர, 2025-க்கு உரியவை. பெரும்பாலானவை ஜனவரிக்கு ஜனவரி கொஞ்சம் ஏறும். மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி-யின் மாதப் பிரீமியம் 2025-ல் 185 டாலர், 2026-ல் 202.90.

முதலில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மெடிகேர் 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம். மருத்துவமனைக்கு ஒரு பகுதி, டாக்டருக்கு ஒரு பகுதி என்று அன்றைக்குப் பிரித்தது இன்றும் அப்படியே இருக்கிறது. பார்ட் ஏ மருத்துவமனைச் செலவுக்கு. பத்து வருடம், அதாவது 40 காலாண்டு, வரி கட்டி வேலை பார்த்தவர்களுக்கு அதற்குப் பிரீமியம் கிடையாது. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் 1,676 டாலர் நம்முடையது. இதை எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவை என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது ஒவ்வொரு "பயன் காலத்துக்கும்" ஒரு தடவை. வீடு திரும்பி, தொடர்ந்து 60 நாள் மருத்துவமனையிலோ நர்சிங் மையத்திலோ படுக்காமல் இருந்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஜனவரியில் நிமோனியா, மே மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு என்றால் ஒரே வருடத்தில் 3,352 டாலர்.

இடுப்பு எலும்புக்குப் பிறகு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே முதல் 20 நாள் இலவசம். 21-ஆம் நாளிலிருந்து 100-ஆம் நாள் வரை தினமும் 209.50 டாலர். 100 நாளும் இருந்தால் நம் பங்கு மட்டும் 16,760 டாலர்.

பார்ட் பி இன்னும் ஆபத்தானது. டாக்டர், ஸ்கேன், வெளிநோயாளி சிகிச்சை, ஊசி வழியாக ஏற்றும் புற்றுநோய் மருந்து எல்லாம் இதில் வரும். வருடத்துக்கு 257 டாலர் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கட்டத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை) போக, மெடிகேர் 80 சதவீதம் கொடுக்கும், மீதி 20 நமக்கு. அந்த இருபதுக்கு உச்சவரம்பே கிடையாது. ஒரு தடவை ஏற்றும் மருந்துக்கு மெடிகேர் ஒப்புக்கொண்ட விலை 10,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் 2,000 நம் கையிலிருந்து போகும். இத்தனை தடவையோடு நின்றுவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழி. ஒன்று, பழைய மெடிகேரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் மெடிகேப் என்ற துணை இன்சூரன்ஸையும், மருந்துக்குத் தனியாகப் பார்ட் டி-யையும் வாங்குவது. இன்னொன்று, மெடிகேர் பலன்கள் அத்தனையையும் ஒரு தனியார் கம்பெனியின் அட்வான்டேஜ் திட்டத்திடம் ஒப்படைப்பது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. இரண்டிலும் பார்ட் பி பிரீமியம் கட்டித்தான் ஆக வேண்டும். "0 டாலர்" என்பது அதற்கு மேல் பூஜ்யம் என்று மட்டுமே அர்த்தம்.

கோயில் கேன்டீனில் கேட்ட கதை

பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் ஞாயிற்றுக்கிழமை சந்திக்கும் திருச்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். எனக்கு மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். 65-ல் அவர் அட்வான்டேஜில் சேர்ந்தார். ஏழு வருடம் சந்தோஷமாக இருந்தார். ஜிம் இலவசம், இரண்டு தடவை கண்ணாடி மாற்றினார், பல் சுத்தம் செய்துகொண்டார். 72-ல் நுரையீரலில் ஒரு கட்டி. மன்ஹாட்டனில் அவர் போக விரும்பிய மருத்துவமனை அவருடைய திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், மருத்துவமனைகள் பட்டியலில், இல்லை. ஸ்கேன் எடுக்க முன் அனுமதி வாங்கவே ஒன்பது நாள். சரி, பழைய மெடிகேருக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தார். அதற்குத் தடை எதுவும் இல்லை. அக்டோபர் 15-லிருந்து டிசம்பர் 7-க்குள் மாறலாம். ஆனால் மெடிகேப் கம்பெனிகள் உடல்நிலைக் கேள்வித்தாளை நீட்டின. இரண்டு இடத்தில் கேட்டார், இரண்டும் முடியாது என்றன. மெடிகேப் இல்லாத மெடிகேர் என்றால் அந்த 20 சதவீதம் முழுக்க அவர் தலையில்.

கடைசியில் நெட்வொர்க்குக்குள்ளேயே சிகிச்சை எடுத்துக்கொண்டார். இப்போது நன்றாக இருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். "வைத்தியம் சரியாத்தான் நடந்துதுப்பா. ஆனா எங்க போறதுன்னு நான் முடிவு பண்ணல" என்றார், காபியை ஆற்றிக்கொண்டே.

எனக்கு விஷயம் புரிந்தது அங்கேதான். 65 வயதும் முடிந்து பார்ட் பி-யும் தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதம், எந்த மெடிகேப் கம்பெனியும் நம் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது, விலையைக் கூட்டவும் முடியாது. சர்க்கரை, ஸ்டென்ட், பழைய புற்றுநோய் எது இருந்தாலும் சரி. அந்த ஆறு மாதம் போனால் போனதுதான். அதன் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனி பார்த்துக் கொடுத்தால் உண்டு. நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். மாசசூசெட்சிலும் மெய்னிலும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் இருக்கிற நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அட்வான்டேஜ் அப்படியில்லை. உடல்நிலை பற்றி ஒரு கேள்வி கேட்காமல் வருடா வருடம் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் மெடிகேப்பிலிருந்து அட்வான்டேஜுக்கு எந்த வயதிலும் போகலாம். அங்கிருந்து இங்கே வருவதுதான் அபிமன்யு கதை. இதற்கு ஒரு விதிவிலக்கு தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 65-ல் முதல்முதலாக மெடிகேருக்கு வரும்போதே அட்வான்டேஜில் சேர்ந்தவர், முதல் 12 மாதத்துக்குள் மனம் மாறினால் கேள்வித்தாள் இல்லாமல் மெடிகேப் வாங்கித் திரும்பலாம். நீங்கள் இருக்கும் அட்வான்டேஜ் திட்டத்தையே கம்பெனி உங்கள் ஊரில் மூடிவிட்டாலும் குறிப்பிட்ட சில மெடிகேப் திட்டங்களை வாங்கும் உரிமை உண்டு.

ஒரு எச்சரிக்கை, நம் ஐடி ஆட்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். 65-க்குப் பிறகும் வேலையில் இருக்கிறீர்கள், 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனி, அங்கே நல்ல இன்சூரன்ஸ் இருக்கிறது. "எதற்கும் இருக்கட்டும்" என்று பார்ட் பி-யையும் எடுத்து வைக்காதீர்கள். எடுத்த மாதமே அந்த ஆறு மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 68-ல் ஓய்வு பெறும்போது மெடிகேப் தேடினால் கேள்வித்தாள் வரும். வேலையை விட்ட பிறகு கோப்ரா இன்சூரன்ஸ் (பழைய கம்பெனி இன்சூரன்ஸையே நம் செலவில் சில காலம் தொடர்வது) இருக்கிறதே என்று பார்ட் பி-யைத் தள்ளிப்போடுவது இதற்கு நேர் எதிரான தப்பு. கோப்ராவை வேலை பார்ப்பவரின் இன்சூரன்ஸாக மெடிகேர் ஏற்பதில்லை. தள்ளிப்போட்ட ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 10 சதவீத அபராதம், அதுவும் ஆயுள் முழுக்க.

எழுத்துக் குழப்பம்

மெடிகேப்பில் ஏ, பி, சி, டி, எஃப், ஜி, கே, எல், எம், என் என்று பத்துத் திட்டங்கள். மெடிகேரின் பார்ட் ஏ, பார்ட் பி-க்கும் இந்த எழுத்துகளுக்கும் சம்பந்தம் இல்லை. யார் யோசித்து இப்படிப் பெயர் வைத்தார்களோ, அவருக்கு ஒரு கும்பிடு. 2020 ஜனவரி 1 முதல் மெடிகேருக்குத் தகுதி பெற்றவர்களுக்கு சி-யும் எஃப்-உம் கிடையாது. கே, எல் இரண்டும் பாதி, முக்கால் என்று பங்கு போடுபவை, நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. நடைமுறையில் போட்டி ஜி-க்கும் (G) என்-க்கும் (N) இடையில்தான்.

முக்கியமான விஷயம்: ஜி என்றால் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அதே ஜி. பலன்களைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. மாசசூசெட்ஸ், மின்னசோட்டா, விஸ்கான்சின் மூன்றும் தனி வழி. மற்ற இடங்களில், ஒரே கலர் பால் பாக்கெட்டை நாலு கடையில் நாலு விலைக்கு விற்பதைப் போலத்தான். எந்தக் கடையில் வாங்கினாலும் பால் மாறாது.

ஜி-யில் பார்ட் பி-யின் 257 டாலரை மட்டும் நாம் கட்டினால் போதும். அதன் பிறகு மெடிகேர் ஏற்றுக்கொண்ட செலவில் 20 சதவீதம், மருத்துவமனை டிடக்டிபிள், மறுவாழ்வு மையத்தின் 209.50 எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். 'என்' கொஞ்சம் மலிவு. அந்த 257 போக, டாக்டரைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் 20 டாலர் வரை, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் 50 டாலர் வரை. மெடிகேர் விலையை முழுமையாக ஏற்காத டாக்டர் 15 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்கலாம், அதை ஜி கட்டும், 'என்' கட்டாது. அப்படிப்பட்ட டாக்டர்கள் குறைவு. பென்சில்வேனியா, ஒஹையோ போன்ற சில மாநிலங்கள் அந்த வசூலையே தடுத்திருக்கின்றன.

கணக்குப் போடுவது சுலபம். இரண்டுக்கும் மாதம் 40 டாலர் வித்தியாசம் என்றால் வருடத்துக்கு 480. என்-ல் 480 டாலர் கரைய 24 தடவை டாக்டரைப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு தடவை போகிறவருக்கு 'என்' லாபம். வித்தியாசம் 20 டாலர்தான் என்றால் யோசிக்காமல் ஜி எடுக்கலாம். கையில் சேமிப்பு இருந்து, சின்னச் செலவுக்குக் கவலைப்படாதவர்களுக்கு அதிக டிடக்டிபிள் உள்ள ஜி என்று ஒன்று உண்டு. முதல் 2,870 டாலர் நம் பொறுப்பு, பிரீமியம் மிகக் குறைவு. பெரிய அடிக்கு மட்டும் குடை. எனக்குப் பிடித்திருந்தது. மனைவிக்குப் பிடிக்கவில்லை. பில் வரும்போதெல்லாம் அவள்தான் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிறவள்.

விலை கேட்கும்போது இன்றைய பிரீமியத்தை மட்டும் கேட்காதீர்கள். வயது ஏற ஏற ஏற்றுகிற வகையா, சேர்ந்த வயதை வைத்து நிர்ணயிக்கிற வகையா, எல்லா வயதுக்கும் ஒரே விலையா என்று கேளுங்கள். முதல் வகைதான் 65-ல் மலிவாகத் தெரியும். கடந்த ஐந்து வருடத்தில் எவ்வளவு ஏற்றினார்கள் என்பது அடுத்த கேள்வி. இதற்கு மழுப்பிய ஏஜென்டிடம் நான் அத்தோடு போனை வைத்துவிட்டேன். ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது. அவர்கள் எதையும் விற்பதில்லை. எனக்கு வாய்த்தது ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. ஒன்றரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தார்.

61-ஆம் நாள்

நம்மவர்களுக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போகிறோம். பொங்கல் முடித்து, ஊரில் ஒரு கல்யாணம் பார்த்து, பிப்ரவரி கடைசியில் திரும்புகிறோம். நடுவில் நெஞ்சு வலித்தால்?

மெடிகேர் வெளிநாட்டில், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, காசு தராது. ஜி, என் இரண்டிலும் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு இடமுண்டு: 250 டாலர் போக மீதியில் 80 சதவீதம், ஆயுளுக்கு 50,000 டாலர் வரை. கேட்க நன்றாக இருக்கும். பொடி எழுத்தில் இருப்பது, பயணம் தொடங்கிய முதல் 60 நாளுக்குள் ஆரம்பித்த அவசரத்துக்கு மட்டும். டிசம்பர் 10-ஆம் தேதி விமானம் ஏறினால் பிப்ரவரி 8-ஐ ஒட்டி அது முடிந்துவிடும். அதற்குப் பிறகு தனியாகப் பயண இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியதுதான். அட்வான்டேஜ் திட்டங்கள் பலவும் வெளிநாட்டு அவசரத்துக்குக் கொடுக்கின்றன, ஆனால் எவ்வளவு என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

பேரன் பேத்தி பார்க்கிற தாத்தா பாட்டிகளுக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல். ஆறேழு மாதம் டாலஸில் மகள் வீடு, மீதி சான் ஹோசேயில் மகன் வீடு. அட்வான்டேஜ் திட்டம் நீங்கள் குடியிருக்கும் கவுண்டியை (மாவட்டத்தை) சுற்றிக் கட்டப்பட்டது. அவசரம் என்றால் எங்கும் பார்ப்பார்கள், வழக்கமான சர்க்கரை டாக்டரை இன்னொரு மாநிலத்தில் பார்க்க முடியாமல் போகலாம். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் அந்தப் பகுதியில் இல்லையென்றால் திட்டத்திலிருந்தே விலக்கிவிடுவார்கள் என்பதுதான் பொதுவான விதி. மெடிகேப்பில் இந்தத் தொல்லை இல்லை. மெடிகேரை ஏற்கிற எந்த டாக்டரும், எந்த மாநிலமும் சரி.

பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்குக் கணக்கே வேறு. 65 முடிந்து, தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்த பிறகு மெடிகேரை விலைக்கு வாங்கலாம். இங்கே வேலையே பார்க்காதவருக்குப் பார்ட் ஏ மட்டும் மாதம் 518 டாலர், அதன் மேல் பார்ட் பி. மெடிகேப் வேண்டுமானால் இரண்டும் இருக்க வேண்டும். வருமானம் குறைவாக இருந்தால் மெடிகேப் பற்றி யோசிப்பதற்கு முன் மாநில மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவி) அலுவலகத்தில் கேளுங்கள். தகுதி பெற்றால் மெடிகேர் பிரீமியத்தையும் டிடக்டிபிளையும் அவர்களே கட்டும் திட்டம் உண்டு. அப்படிக் கிடைத்தவர்கள் மெடிகேப்புக்குப் பணம் கட்டுவது வீண்.

மெடிகேப்பும் காப்பாற்றாத இடம்

மெடிகேப்புக்காக இவ்வளவு பேசியதால், அது கைவிடும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மெடிகேப் மெடிகேரின் நிழல். வெளிநாட்டு அவசரம் போன்ற சிலவற்றைத் தவிர, மெடிகேர் கட்டாததை அதுவும் கட்டாது.

என் மாமியார் ஒரு தடவை மயங்கி விழுந்தார். பக்கத்து மருத்துவமனையில் மூன்று இரவு வைத்திருந்தார்கள். கையில் பட்டை, கட்டில், இட்லி இல்லாத குறை தவிர எல்லாம் மருத்துவமனைதான். ஆனால் காகிதத்தில் அவர் வெளிநோயாளி, "கண்காணிப்பில்" இருப்பவர். அதைச் சொல்லும் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினார்கள். என்னவென்று பார்க்காமல் நானே அவருக்குப் பேனாவை நீட்டினேன். பிறகு மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டி வந்தபோதுதான் தெரிந்தது, மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தால்தான் மெடிகேர் அந்த மையத்துக்குக் கட்டும். மெடிகேர் கட்டாததால் மெடிகேப்பும் கட்டவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அட்வான்டேஜ் மேல். பல திட்டங்கள் அந்த மூன்று நாள் விதியைத் தளர்த்தியிருக்கின்றன. வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருந்தால் முதல் நாளே "உள்நோயாளியா, கண்காணிப்பா?" என்று கேளுங்கள்.

அட்வான்டேஜ் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாக மெடிகேப் வாங்க வேண்டும், குடும்பப் பாலிசி கிடையாது. அந்தப் பிரீமியத்தை மாதாமாதம் இருபது வருடம் கட்ட முடியாதவர்கள், வெறும் மெடிகேரோடு நிற்பதைவிட அட்வான்டேஜில் இருப்பது பல மடங்கு மேல். அதில் உச்சவரம்பு சட்டப்படி உண்டு. நெட்வொர்க்குக்குள் வருடத்துக்கு அதிகபட்சம் 9,350 டாலர், பல திட்டங்களில் அதைவிடக் குறைவு. உங்கள் டாக்டர்கள், நீங்கள் நம்பும் மருத்துவமனை எல்லாம் நெட்வொர்க்கில் இருந்து, ஊரை விட்டு அதிகம் நகராதவர் என்றால் அது சரியான தேர்வாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த டாக்டர் அடுத்த வருடமும் அதில் இருப்பார் என்று எண்ணிச் சேராதீர்கள்.

மனைவியிடம் நான் கடைசியில் சொன்னது இதுதான்: "65 வயசுக்காரனுக்கு 0 டாலர்தான் சரி. ஆனா நான் 78 வயசுக்காரனுக்கும் சேர்த்து வாங்குறேன். அவன் அப்புறம் வந்து கேட்டா யாரும் தர மாட்டாங்க." அவள் ஒன்றும் சொல்லாமல் செருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மறுசுழற்சித் தொட்டியில் கொட்டினாள்.

நான் ஜி எடுத்தேன். சர்க்கரை, பிரஷர், கண் டாக்டர் என்று மாதம் இரண்டு தடவை போகிறவன், தினம் ஒரு பில் பார்க்கப் பொறுமை இல்லாதவன். அவளுக்கு இந்த வருடம் 65. டாக்டர் பக்கமே போகாதவள், அவளுக்கு 'என்' போதும் என்று அவளே கணக்குப் போட்டு முடிவு செய்துவிட்டாள். பார்ட் டி இருவருக்கும் தனி. மருந்துக்கு நம் கையிலிருந்து போவதற்கு 2025-லிருந்து ஒரு வருடாந்திர உச்சவரம்பு (2025-ல் 2,000 டாலர்) வந்திருப்பது பெரிய நிம்மதி.

பல்லுக்கு மெடிகேரும் தராது, மெடிகேப்பும் தராது. எனக்கு இடது பக்கம் ஒரு ரூட் கெனால் பாக்கி இருக்கிறது. டிசம்பரில் மயிலாப்பூரில் செய்துகொள்வதாக ஏற்பாடு. 60 நாளுக்குள் திரும்பிவிடுகிற மாதிரி டிக்கெட்டும் போட்டாயிற்று.